ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு முறிமருந்து இருந்தும் ஏன் போடவில்லை?

கேள்வி, பிப்ரவரி 2

மாமாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. அபிக்ஸபான் சாப்பிடுகிறவர். அதற்கு முறிமருந்து இருக்கிறது என்று படித்திருக்கிறேன். கேட்டபோது "கடைசி மாத்திரை எப்போது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், கடைசியில் போடவே இல்லை. மருந்து என்று ஒன்று இருந்தால் போட வேண்டியதுதானே? நான்கு நாள் ஆகிவிட்டது. மாமா பேசுகிறார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

பதில், பிப்ரவரி 2, இரவு

அவசர சிகிச்சைப் பிரிவில் 16 வருடம் செவிலியர் வேலை. இந்தக் கேள்வியை ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல அப்போது நேரம் இருக்காது. இப்போது இருக்கிறது.

முறிமருந்து கசிவை நிறுத்தாது. மாத்திரை ரத்தத்தில் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தும், அவ்வளவுதான். அதன்பிறகு ரத்தம் தானாக உறைய வேண்டும். ரத்தத்தில் மாத்திரையே மிச்சம் இல்லையென்றால் முறிப்பதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் அந்த ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

பிப்ரவரி 3, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் பாதியோடு விட்டுவிட்டேன். ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன்.

வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பெரியவரை மகன் தூக்கிக்கொண்டு வந்தார். "ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்" என்பது மட்டும் தெரிந்தது. எந்த மாத்திரை? தெரியாது. கையில் ஒரு மாத்திரை டப்பா. கிழமை வாரியாக அறை பிரித்த டப்பா, ஒரு பெயரும் இல்லை. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று ஆறு வகை. நானும் டியூட்டி டாக்டரும் ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் புரட்டி எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது. கசிவு இருந்தது, சின்னது.

இதில் 20 நிமிடம் போனது. அப்புறம்தான் அந்தப் பெரியவரின் மனைவியிடம் போனில் பேசினோம். அவர் சொன்னது: "அந்த மாத்திரையா? முந்தாநாளே தீர்ந்துவிட்டது. இவர் வாங்கப் போகவில்லை."

முறிமருந்து போடவில்லை. தேவைப்படவில்லை. 6 மணி நேரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கசிவு பெரிதாகவில்லை.

அபிக்ஸபானில் பாதி ரத்தத்திலிருந்து வெளியேற ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். 2 நாளில் நான்கு தடவை பாதியானால் 16ல் ஒரு பங்குதான் மிச்சம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவருக்கு இந்தக் கணக்கு. உங்கள் மாமாவுக்கும் இதே போன்ற கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவரைப் பார்த்தவர்களிடமே கேளுங்கள், சொல்வார்கள்.

பிப்ரவரி 3, மதியம்

"ரத்தம் இளக்கும்" என்று எழுதியதற்கு ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். நியாயம்தான். ரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை. அதே கெட்டிதான், உறைய எடுக்கும் நேரம்தான் கூடுகிறது. ஆனால் 16 வருடமும் எல்லோரும் அப்படியே சொல்லிக் கேட்ட வாய், சட்டென்று மாறாது. விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 5

"எல்லாவற்றுக்கும் ஒரே முறிமருந்தா?" இல்லை. அங்கேதான் குழப்பமே.

பழைய உறைவுத் தடுப்பு மாத்திரையான வார்ஃபரின், கல்லீரல் தயாரிக்கும் உறைவுக் காரணிகள் (ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள்) நான்கை, 2, 7, 9, 10 ஆகியவற்றை, அரைகுறையாக விட்டுவிடுகிறது. அவற்றைச் சரியாக முடிக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமின் திரும்பத் திரும்பப் பயன்படுவதைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. ஆக, வைட்டமின் கே கொடுத்தால் கல்லீரல் வேலையைத் தொடங்கும். தொடங்கும் என்றுதான் சொன்னேன், முடிக்கும் என்று சொல்லவில்லை. ஊசியாகப் போட்டாலும் பலன் தெரிய 4 முதல் 6 மணி நேரம், முழுதாகத் தெரிய 12 மணிக்கு மேல். தலைக்குள் ரத்தம் கசிகிறவர் அதுவரை காத்திருக்க முடியாது.

அதனால் அந்த நான்கு காரணிகளையே ரெடிமேடாகக் கொடுக்கிறோம். பி.சி.சி. என்போம், புரோத்ராம்பின் காம்ப்ளெக்ஸ். தானம் கொடுத்தவர்களின் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த பொடி. கலக்கி நரம்பில் ஏற்றினால் அரை மணி நேரத்தில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) இறங்கிவிடும். எவ்வளவு ஏற்றுவது என்பதை எடையும் ஐ.என்.ஆரும் சேர்ந்து சொல்லும்: 2 முதல் 4க்குள் என்றால் கிலோவுக்கு 25 யூனிட், 4 முதல் 6 வரை 35, அதற்கு மேல் 50. இது லேபிளில் இருக்கும் கணக்கு. கைவசம் அது இல்லாத இடத்தில் பிளாஸ்மாவையே ஏற்றுவார்கள். உறைந்திருப்பதை இளக்க வேண்டும், ரத்த வகை பார்க்க வேண்டும், அளவு ஒரு லிட்டரை நெருங்கும். பலவீனமான இதயம் அந்த லிட்டரைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பி.சி.சி. ஏற்றிவிட்டோமே, வைட்டமின் கே எதற்கு? 7ஆம் காரணியின் ஆயுள் மிகக் குறைவு, சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். உள்ளே வார்ஃபரின் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் காலை ஐ.என்.ஆர். மறுபடி ஏறி நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் தாங்கும்.

பிப்ரவரி 5, இரவு

டாபிகட்ரான் இன்னொரு உறைவுத் தடுப்பு மாத்திரை. அதற்கு முறிமருந்து ஐடாருசிசுமாப். 2015ல் வந்தது. டாபிகட்ரானை மட்டும் பிடித்துக்கொள்வதற்கென்றே செய்த எதிர்ப்புரதத் துண்டு. ரத்தத்தை உறையவைக்கும் புரதமான திராம்பினை டாபிகட்ரான் பிடிப்பதைவிட இது டாபிகட்ரானைப் பிடிப்பது ஏறக்குறைய 350 மடங்கு இறுக்கம். 2.5 கிராம் குப்பிகள் இரண்டு, திரவமாகவே வரும், கலக்க வேண்டாம், எடை பார்க்க வேண்டாம். செவிலியருக்குப் பிடித்த மருந்து என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

அபிக்ஸபான், அதே வகையைச் சேர்ந்த ரிவராக்ஸபான் இரண்டுக்கும் ஆண்டெக்ஸானெட் ஆல்ஃபா. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஊசியாகப் போடும் உறைவுத் தடுப்பு மருந்தான ஹெபாரினுக்குப் புரோட்டமின். 100 யூனிட் ஹெபாரினுக்கு 1 மில்லிகிராம். சால்மன் மீனின் விந்துவிலிருந்து எடுத்த புரதம். பயிற்சிக் காலத்தில் முதல்முறை படித்தபோது யாரோ புதுசாக வந்தவர்களை ஏய்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மை. 1874ல் மீஷர் என்பவர் ரைன் நதி சால்மனில் கண்டுபிடித்தார். மீன் ஒவ்வாமை இருக்கிறதா, புரோட்டமின் கலந்த இன்சுலின் போட்டதுண்டா, ஆண் என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவரா என்றெல்லாம் கேட்க வேண்டும், எதிர்ப்புரதம் ஏற்கெனவே உருவாகியிருக்கலாம். மூன்றாவது கேள்வியை நடு ராத்திரியில் அரை மயக்கத்தில் இருக்கும் ஒரு தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 6

திருத்தம். இன்னொரு இடத்தில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது "டயாலிசிஸ் செய்தால் இந்தப் புது மாத்திரைகள் வெளியே வந்துவிடும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன். தப்பு. டாபிகட்ரான் மட்டும்தான் அப்படி வரும். அபிக்ஸபானும் ரிவராக்ஸபானும் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றுவதால் வடிகட்டியில் சிக்காது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. கொஞ்சம் மரியாதையாகவே சுட்டிக்காட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 9

அப்பா கதையைச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். "போட்டால் என்ன நஷ்டம்?" என்று இரண்டாவதாக ஒருவர் கேட்டுவிட்டார், சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு இதயத்தில் உலோக மைட்ரல் வால்வு. உலோக வால்வுக்கு வார்ஃபரின்தான். 2013ல் டாபிகட்ரானை அந்த வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வால்வில் கட்டி உறைவதும் ரத்தக் கசிவும் கூடி, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் ஐ.என்.ஆர். 2.5க்கும் 3.5க்கும் நடுவே நிற்க வேண்டும். ஒரு வாரம் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். வழக்கமான பரிசோதனையில் 7 என்று வந்தது. எங்கும் கசிவு இல்லை. பல் ஈறில்கூட இல்லை. செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வேறு ஊரில் ஷிப்டில் இருந்தேன். அங்கிருந்த இளம் டாக்டர் 7 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து, 10 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசியை ஏற்றிவிட்டார். 4.5க்கும் 10க்கும் நடுவே, கசிவு இல்லையென்றால், வார்ஃபரினை ஓரிரு வேளை நிறுத்தி மறுபடி சோதித்துப் பார்ப்பதுதான் வழக்கம். 10ஐத் தாண்டினால்தான் வைட்டமின் கே, அதுவும் வாய் வழியாக, சின்ன அளவில்.

மறுநாள் ஐ.என்.ஆர். 1.2. வால்வுக்குப் பாதுகாப்பே இல்லை. வார்ஃபரினைத் திரும்ப ஆரம்பித்தால், உள்ளே குவிந்து கிடக்கும் வைட்டமின் கே அதை ஏறவே விடவில்லை. 10 நாள், தினம் இரண்டு வேளை, வயிற்றில் ஹெபாரின் ஊசி. அப்பா சொன்னது: "ஒரு ஊசியைச் சரிக்கட்ட 20 ஊசியா? உங்கள் கணக்கு எனக்குப் புரியவில்லை."

அந்தப் பத்து நாளும் ஒவ்வொரு காலையும் போனில் "இடது கையைத் தூக்குங்கள், வலது கையைத் தூக்குங்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நஷ்டம் அதுதான். மாத்திரை ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் கொடுக்கப்பட்டிருக்கும். மாத்திரையை முறித்தால் அந்தக் காரணம் மறுபடி தலை தூக்கும்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். அந்த இளம் டாக்டர்மேல் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டேனோ? நான் சேர்ந்த இரண்டாம் வருடத்தில் எனக்கு அந்த எண்ணைக் காட்டியிருந்தால் நானும் குப்பியைத்தான் தேடியிருப்பேன். எண்ணுக்கு வைத்தியம் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் ஒரு காலத்தில் இருக்கிறது. ஆனால் வேகமாகத் தள்ளாமல் சொட்டில் கலந்து மெதுவாக ஏற்றினாராம். அது சரியாகச் செய்தார். வைட்டமின் கே ஊசியை வேகமாகத் தள்ளினால் சிலருக்கு முகம் சிவந்து ரத்த அழுத்தம் சரிந்து, கசிவுக்குப் பதில் அதைப் பார்க்க வேண்டிவரும்.

பிப்ரவரி 13

ஆண்டெக்ஸானெட்.

செய்த விதத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். அபிக்ஸபான் போய்ப் பூட்டுகிற இடம் 10ஆம் காரணி. அதே காரணியை ஆய்வுக்கூடத்தில் செய்து, வேலை செய்யும் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டார்கள். உருவம் அதே, ரத்தத்தை உறையவைக்கும் சக்தி மட்டும் இல்லை. மாத்திரை இதை அசல் என்று நம்பி ஒட்டிக்கொள்ளும், அசல் காரணி தப்பிக்கும். ஏமாற்று வேலைதான், ஆனால் அழகான ஏமாற்று வேலை. 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கையில் எடுத்தவர்களுக்குத்தான் அதன் மறுபக்கம் தெரியும். 200 மில்லிகிராம் குப்பிகள், பொடி. குறைந்த அளவுத் திட்டத்துக்கே முதலில் 400, அப்புறம் நிமிடத்துக்கு 4 வீதம் 2 மணி நேரம் வரை. கூட்டிப் பாருங்கள், 5 குப்பி. அதிக அளவென்றால் 9. ஒவ்வொன்றிலும் நீர் விட்டு, குலுக்காமல், கையில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிக் கரைக்க வேண்டும். முதல் தடவை அவசரத்தில் நான் குலுக்கிவிட்டேன். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. நுரை அடங்கும்வரை அந்தக் குப்பியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற நிமிடங்கள் இன்னும் கனவில் வரும். பக்கத்தில் மானிட்டர் கத்திக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 13, இன்னொன்று

அந்த மருந்தைப் பற்றிப் பாதி சொன்னால் பாவம். மூளையில் கசிவு ஏற்பட்ட 530 பேரை வைத்து அன்னெக்ஸா ஐ என்ற ஆய்வு 2024ல் வெளிவந்தது. எல்லோரும் கடைசி மாத்திரை சாப்பிட்டு 15 மணி நேரத்துக்குள் வந்தவர்கள். ஆண்டெக்ஸானெட் பெற்றவர்களில் 67 சதவீதத்தினருக்குக் கசிவு நன்றாகக் கட்டுப்பட்டது. பெரும்பாலும் பி.சி.சி. கொடுத்த வழக்கமான சிகிச்சையில் 53 சதவீதம். ஜெயித்தது என்றுதான் தோன்றும். ஆனால் எங்காவது ரத்தம் கட்டியது 10.3 சதவீதத்தினருக்கு, மற்றவர்களில் 5.6. அடைப்பினால் வரும் பக்கவாதம் மட்டும் 6.5க்கு 1.5. இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

கசிவை அடக்கி அடைப்பை வாங்கினால் என்ன லாபம் என்ற கேள்வி அதன்பிறகு ஓயவே இல்லை. 2025 டிசம்பரோடு அமெரிக்காவில் தயாரிப்பாளரே விற்பனையை நிறுத்திக்கொண்டார். பல இடங்களில் முன்பிருந்தே பி.சி.சி.தான் கொடுத்தார்கள். அது அபிக்ஸபானை முறிக்காது. காரணிகளைக் கூட்டிக் கொடுத்து, மாத்திரையின் தடையை மீறி உறையவைக்கப் பார்க்கும். அனுமதிச் சீட்டில் இந்த உபயோகம் இல்லை, அனுபவத்தில் உண்டு.

இன்னொரு கண்ணி: ஆண்டெக்ஸானெட் ஹெபாரினையும் வேலை செய்யவிடாது. இதய ஆபரேஷனுக்கு ஹெபாரின் இல்லாமல் முடியாது. ஆபரேஷன் வரப்போகிறவருக்கு இதைப் போட்டுவிட்டு, அங்கே ஹெபாரின் ஏறவில்லையே என்று திகைத்தவர்கள் உண்டு.

பிப்ரவரி 14

"ஆஸ்பிரினுக்கு?" இல்லை. தட்டணுக்களை அது ஆயுளுக்கும் முடக்கிவிடுகிறது, அவற்றின் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். புதுசு பிறந்துதான் ஈடுகட்ட வேண்டும். சரி, வெளியிலிருந்து தட்டணு ஏற்றலாமே என்று மூளைக் கசிவில் செய்து பார்த்தார்கள், 2016ல் வந்த ஆய்வு. ஏற்றியவர்கள் நிலைமை இன்னும் மோசமானது. பார்த்தால் நியாயமாகத் தோன்றுவதெல்லாம் உடம்பில் நியாயமாக நடப்பதில்லை.

பிப்ரவரி 16

ஒருவர் "வார்ஃபரின் எலி மருந்துதானே?" என்று ஒற்றை வரியில் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஆமாம், எலி மருந்தாகத்தான் 1948ல் கடைக்கு வந்தது. அதற்கும் முன்னே கதை இருக்கிறது. 1933ல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த பசுங்கன்றையும் உறையாத ரத்தம் நிரம்பிய பால் கேனையும் தூக்கிக்கொண்டு பனிப்புயலில் பல்கலைக்கழக வேதியியல் கூடத்துக்குப் போனார். கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனம்தான் காரணம். அந்தக் கூடத்தில் லிங்க் என்பவரின் குழு வருடக்கணக்காக உட்கார்ந்து, அந்தத் தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாமல் செய்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். வார்ஃபரின் என்ற பெயரில் முதல் பாதி, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் அமைப்பின் தலைப்பெழுத்துகள்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். 1951ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் தற்கொலை செய்துகொள்ள அந்த எலி மருந்தைச் சாப்பிட்டார். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றினார்கள். மனிதன் தாங்குகிறான், முறிக்கவும் முடிகிறது என்ற தைரியம் வந்தபிறகுதான், 1954ல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி. ஆக, வார்ஃபரினுக்கு முறிமருந்து முன்னாலேயே தயார். டாபிகட்ரான் அமெரிக்காவில் 2010ல் வந்தது, அதன் முறிமருந்து 2015ல். நடுவில் 5 வருடம் டாபிகட்ரான் சாப்பிட்டுக் கசிவோடு வந்தவர்களுக்கு டயாலிசிஸும் பிரார்த்தனையும்தான். அந்த வருடங்களில் நான் வார்டில் இருந்தேன்.

(இன்றைய எலி மருந்துகள் வேறு. உடம்பில் மாதக்கணக்கில் தங்கும், வைட்டமின் கேயும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். யாரும் "வார்ஃபரின்தானே" என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.)

பிப்ரவரி 19

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மாமாவின் டாக்டரிடம் பேசினாராம். மாமா விழுவதற்கு முன்பு ஒன்றரை நாள் மாத்திரை சாப்பிட்டிருக்கவில்லை, அத்தை கணக்குச் சொல்லியிருக்கிறார். ரத்தத்தில் மருந்தின் அளவும் குறைவாக வந்திருக்கிறது. இவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம், ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் யாராவது சொல்லியிருந்தால் இவர் இத்தனை நாள் புழுங்கியிருக்க மாட்டார். அந்த யாராவது பல ராத்திரிகளில் நானும்தான்.

அடுத்த கேள்வியும் கேட்டிருக்கிறார்: மாத்திரையை எப்போது திரும்ப ஆரம்பிப்பது? மூளைக் கசிவுக்குப் பிறகு பெரும்பாலும் வாரக்கணக்கில், 4 முதல் 8 வாரம் என்ற பேச்சு அடிக்கடி வரும். குடலில் கசிந்தவருக்கு அதைவிடச் சீக்கிரம், ஒரு வாரத்தை ஒட்டி. மாமாவுக்கு எப்போது என்பதை ஸ்கேனையும் அவர் இதயத்தையும் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அந்தத் தேதியைக் கேட்டு வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். நிறுத்திய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க எல்லோருமே மறந்து, ஆறு மாதம் கழித்துப் பக்கவாதத்தோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 19, சற்று முன்

மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை மணிக்கு, எதற்காக என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மேலே ஒரு பத்தி எழுத நினைத்தேன். எழுதுவதற்கு முன் அப்பாவின் பையில் நான் வைத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். வார்ஃபரின் 5 மில்லிகிராம் என்று இருக்கிறது. அவர் 3க்கு இறங்கி ஒரு வருடம் ஆகிறது. சீட்டு இரண்டு தடவை துவைபட்டு, என் போன் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் அழிந்திருந்தது.

இப்போதுதான் புதிதாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "இதில் அந்த 20 ஊசியையும் சேர்த்து எழுது" என்கிறார்.